சம்பளம் பேசலாமா? குன்னூர் அக்காவிடம் கேளுங்க

குன்னூரில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் 31 வருஷம் சம்பளப் பட்டியல் போட்டு ரிட்டயர் ஆனவள் நான். சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தர்ற தொகை) பற்றிக் கேளுங்க. வருமான வரிக்கு ஆடிட்டரைப் பாருங்க.

கேள்வி (ஊட்டி, முதல் வேலை): 18,000 தர்றாங்க அக்கா. 21,000 கேட்கணும்னு ஆசை. மூவாயிரத்துக்காக மல்லுக்கட்டணுமா?

பதில்: அது மூவாயிரத்தோடு நிற்காதும்மா. இன்க்ரிமென்ட்டைச் சதவீதத்தில்தான் போடுவாங்க. வருஷம் 8 சதவீதம்னு வைத்துக்கோ, இருபதாவது வருஷம் அந்த வித்தியாசம் மாசம் 12,900 தாண்டிடும். 20 வருஷத்துக்கும் கூட்டினா சுமார் பதினாறரை லட்சம். விலைவாசி அதில் பாதியைத் தின்னாலும் மிச்சம் சின்னக் காசில்லை. கிராஜுவிட்டியும் கடைசி பேசிக்கையும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கித்தான் வரும்.

1992ல் என்னோடு ஒரே வாரம் சேர்ந்த கிளார்க், "வீட்டில் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்"னு எழுந்து போனார். மறுநாள் மானேஜர் 150 ரூபாய் கூட்டினார். நான் அன்றைக்கே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவள். ரெஜிஸ்டரில் எங்க பெயர் அடுத்தடுத்த வரி. மாசாமாசம் இரண்டையும் எழுதினது என் கைதான்.

பேசி முடிச்சதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கு.

கேள்வி (கூடலூர்): தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்குக் கூட்டிக் கேட்கலாமா?

பதில்: தினக்கூலி அரசாணையிலும் தொழிற்சங்கப் பேச்சிலும் முடிவாகுது. சங்கத்தில் கேளுங்க.

கேள்வி (கொடைக்கானல், ஹோட்டல் ரிசப்ஷன்): ரூமும் சாப்பாடும் தர்றோம், அதனால சம்பளம் 13,000தான்னு சொல்றாங்க.

பதில்: ரூமுக்கு பி.எஃப். பிடிக்க மாட்டாங்க தம்பி. அடுத்த ஹோட்டல்காரர் பே ஸ்லிப்பைத்தான் பார்ப்பார், நீ சாப்பிட்ட சாப்பாட்டை இல்லை.

குறுக்கே (கோத்தகிரி): கொடைக்கானல்ல வாடகை என்னன்னு தெரியுமாக்கா? ரூம் போச்சுன்னா பாதிச் சம்பளம் போச்சு. மழைக்காலத்துல வாயைத் திறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

பதில்: வாடகை விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். ரூமை விடச் சொல்லலை, அதைக் காட்டிச் சம்பளத்தை அமுக்க விடாதேன்னுதான் சொல்றேன். மழையில் யார் கேட்கச் சொன்னது? மார்ச்சில் கேளு. ஏப்ரல், மே சீசனுக்கு ஆள் தேடி அலையற நேரம்.

குறுக்கே (கோத்தகிரி): மார்ச்சுல கூட்டுவாங்க, ஜூன்ல குறைப்பாங்க.

பதில்: அதுக்குத்தான் எழுதி வாங்கச் சொல்றேன்!

கேள்வி (பழனி): சி.டி.சி. 3 லட்சம்னா கைக்கு 25,000 வருமா?

பதில்: வராது. சி.டி.சி.ன்னா உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகிற வருஷச் செலவு மொத்தமும். கம்பெனி கட்டுற பி.எஃப்.பும் அதுக்குள்ளதான் இருக்கும். பேசிக் எவ்வளவுன்னு கேளுங்க.

கேள்வி (குன்னூர்): 15,000 தர்றாங்க. 17,000 கேட்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி (அரவேணு): அரசு வேலையில் பேரம்?

பதில்: கிடையாது. அரசு வகுத்த பே லெவல்தான் (சம்பளப் படிநிலை).

கேள்வி (ஊட்டி, முதல் வேலை): அப்புறம் எப்பவாவது கேட்டீங்களா அக்கா?

பதில்: 2004ல் ஒரு தரம். "பார்க்கலாம்"னாங்க. எழுதி வாங்கலை.