பாட்டுக்காரன் பதில்கள்: உண்டியல், பேட்டா, ஸ்டூல்

(இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், வடசென்னையில் சொந்தக் குழு வைத்துப் பாடிவரும் ஒரு தனியிசைப் பாடகர்.)

அடுத்த கச்சேரி எங்கே? டிக்கெட் உண்டா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

மே 1 மாலை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா பக்கம், தெருவிலேயே. டிக்கெட் இல்லை. ஜூன் மாதம் கோவையில் ஒரு சின்ன அரங்கு, தலைக்கு 300 ரூபாய். ஜூலை 23 நெல்லையில். அது கச்சேரி இல்லை, அஞ்சலி. 1999-இல் அதே நாளில் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகக் கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். ஆற்றங்கரையில் பறையும் தொண்டையும் மட்டும்தான். கைதட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர்க்காரர் கேட்டதால் ஒன்று. உங்கள் ஊர் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. அதை வைத்து ஒரு பாட்டு மெட்டுக் கட்டியிருக்கிறேன், மே 1 அன்று கேட்கலாம்.

தொழிலாளர் கூட்டத்தில் இலவசமாகப் பாடுகிறீர்கள். கோவையில் மட்டும் ஏன் 300 ரூபாய்?
– ஒரு வாசகி, ஓசூர்

அம்மா, இலவசம் நான் மட்டும்தான். மைக்செட் இலவசம் இல்லை. ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றி இறக்கும் இரண்டு தம்பிகள், ஒலியைச் சரிசெய்யும் மிக்சரில் உட்காருகிறவர், டிரம்ஸ்காரர், வேன் டிரைவர், எல்லோருக்கும் அன்றைக்கே பேட்டா. அது ஆலை வாசலில் நடக்கும் கேட் கூட்டமாக இருந்தாலும் சரி, கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி. கோவை டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துத்தான் அடுத்த போராட்டப் பந்தலுக்கு இவர்களைக் கூட்டிப்போகிறேன். "போராட்டம்தானே, தம்பிகள் சும்மா வரட்டும்" என்று தோழர்களே சில நேரம் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எட்டு மணி நேர வேலையைப் பற்றி மேடையில் பாடிவிட்டு, காலை பத்து மணிக்கு ஒயர் இழுக்க வந்தவனை நள்ளிரவில் வெறுங்கையோடு அனுப்புவதா?

ஒரு தனியார் கல்லூரி விழாவில் எங்களுக்குப் பேசிய பணத்தை முழுதாகத் தரவில்லை. தம்பிகளின் கூலியை மட்டும் கையிலிருந்து போட்டேன். அதிலிருந்து மேடை ஏறுமுன் பாதிப் பணம் வாங்கிவிடுகிறோம்.

சினிமாவில் பாடக் கூப்பிட்டால் போவீர்களா?
– ஒரு வாசகர், சாத்தூர்

போவேன். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து உட்கார்ந்தார்கள். நீங்கள் பாடியா சங்கம் பதிவானது?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

குத்தல் புரிகிறது, நியாயமும் கூட. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் அவர்கள்தான் உட்கார்ந்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், நீதிமன்றம் வரை போன பிறகு. பாட்டுக்கு அதில் பங்கில்லை.

பாட்டு வேறு இடத்தில் உதவும். இங்கிலாந்தில் 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பில்லி பிராக் என்ற பாடகர் ஒற்றைக் கிட்டாரோடு ஊர் ஊராகப் போய் அவர்களுக்காகப் பாடினார். 1985-இல் ஒரு சிறு இசைத்தட்டு போட்டு, வந்த பணத்தைத் தொழிலாளர் நிதிக்கே கொடுத்தார். தன் முதல் தட்டின் உறையில் "2.99 பவுனுக்கு மேல் கொடுக்காதே" என்று அச்சடித்த ஆள். வேலைநிறுத்தம் தோற்றது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் நின்ற வீட்டில் ஒரு வாரம் அடுப்பெரிய உண்டியல் குலுக்க வேண்டும். குலுக்கக் கூட்டம் வேண்டும். கூட்டத்தைக் கூட்ட எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தி.நகரில் துணிக்கடையில் வேலை. எங்களைப் பற்றிப் பாட்டு இருக்கிறதா?
– ஒரு வாசகி, சென்னை

இருக்கிறது. என் அத்தை துணிக்கடையில் நின்றே காலில் நரம்பு சுருண்டவர். பாட்டு அவருக்குத்தான். கடையில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டம் திருத்தின. ஸ்டூல் போட்டிருந்தாலும் உட்கார்ந்தால் மேலாளர் பார்ப்பாரா, அதை எழுதுங்கள் சகோதரி. கடைப் பெயர் வேண்டாம். அடுத்த சரணம் அதுதான்.

சாப்பாடு டெலிவரி செய்கிறேன் அண்ணா. உங்கள் கச்சேரியெல்லாம் மாலை ஏழு மணிக்கு. அதுதான் எனக்கு ஆர்டர் குவிகிற நேரம்.
– ஒரு வாசகர், மதுரை

சரியான கேள்வி தம்பி, எனக்கு உறைக்கவே இல்லை. முதலில் ஒன்று: உங்களுக்கென்று நல வாரியம் 2023 டிசம்பரில் அமைந்தது. பதிவு செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். வாரியம் வேறு, சங்கம் வேறு. இரண்டும் வேண்டும்.

ஆகஸ்டில் மதுரை வருகிறோம். மதியச் சாப்பாடு ஓய்ந்து ராத்திரி ஆர்டர் தொடங்குமுன் மூன்றரை மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடிக்கிறோம். வண்டி நிறுத்த இடம், செல்போன் சார்ஜ் போட பிளக் பாயிண்ட், இரண்டையும் ஏற்பாட்டாளரிடம் கேட்டிருக்கிறேன். நடுவில் ஆர்டர் வந்தால் எழுந்து போங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள்.