புதிதாக ஜெயித்த மாணவர் பேரவை நிர்வாகிகள் மாணவர்களிடம் நெருக்கமாவது எப்படி?

கேட்டவர் ஏதோ ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு பேரவைக்குத் தேர்வாகியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மாணவர் தேர்தலே நடப்பதில்லை, அதனால் இந்தக் கேள்வி அங்கிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. நான் எம்.எஸ்சி. படித்தபோது பேரவைச் செயலாளராக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பதிலை விட்டுவிட்டு அமைப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஓட்டுக் கேட்க மட்டும்தான் வருவீங்க, அப்புறம் ஆளையே பார்க்க முடியாது" என்ற பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மைதான். மீதிக்குக் காரணம் காலண்டர். மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று விதி வகுத்த லிங்டோ கமிட்டியின் பரிந்துரைப்படி, வகுப்புகள் தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். வாக்கு எண்ணி, பதவியேற்று, அறைச் சாவியை வாங்குவதற்குள் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். அடுத்து செமஸ்டர் தேர்வு, அடுத்து விடுமுறை. ஒரு வருடப் பதவி என்று பெயர், கையில் கிடைப்பது இரண்டு அரைகுறை செமஸ்டர்தான். இதில் "முதலில் செட்டில் ஆவோம், பிறகு மாணவர்களைப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் ஜனவரி ஆகிவிடும்.

பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்வது, ஆடிட்டோரியத்தில் ஒரு கலந்துரையாடல் கூட்டம். எங்கள் பேனலும், அதாவது சேர்ந்து போட்டியிட்ட எங்கள் அணியும், வைத்தது. வந்தவர்கள் எல்லோரும் எங்களுக்காகப் பிரசாரம் செய்தவர்கள், அவர்களுடைய அறைத் தோழர்கள், போட்டோ எடுக்க இரண்டு பேர். மைக்கில் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் ஆங்கிலம் சரளமாக வருபவர்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளை அந்த மைக்கைத் தொடாது. ஒடிசாவிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்து இன்னும் ஊர் பிடிபடாமல் இருப்பவரும் தொடமாட்டார். அடுத்து வாட்ஸ்அப் குழு. அது கொஞ்ச நாளிலேயே இன்டர்ன்ஷிப் விளம்பரமும் காணாமல் போன ஐடி கார்டு அறிவிப்புமாக ஆகிவிடும். பிறகு கூகுள் ஃபார்ம். புகார் கொட்டும், ஆனால் பதில் போகாது. பதில் போகாத ஃபார்மை விட, ஃபார்மே வைக்காமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

உங்களிடம் ஏற்கெனவே நல்ல கருவி ஒன்று இருக்கிறது. லிங்டோ விதிப்படி வேட்பாளர் ஒருவருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய், அச்சடித்த போஸ்டர் கூடாது. அதனால் கையால் எழுதிய போஸ்டரை ஒட்டிவிட்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசித்தான் ஓட்டு வாங்கியிருப்பீர்கள். எந்தத் துறைக்கு எந்தக் கிழமை எந்த பீரியட் காலி என்று ஒரு தாளும் போட்டிருப்பீர்கள் அல்லவா? அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதே தாளை வைத்துக்கொண்டு, இந்த முறை துண்டறிக்கை இல்லாமல் போங்கள்.

எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. ஓட்டு அதிகம் இருப்பது ஆண்கள் ஹாஸ்டலில், அங்கே நான் நுழைய முடியாது. பெண்கள் ஹாஸ்டல் கேட்டை மூடும் நேரத்துக்குப் பிறகு நான் எங்கும் போக முடியாது. பேரவை அரசியலில் முக்கால்வாசி இரவு பத்து மணிக்கு மேல்தான் நடக்கிறது என்பதை ஆண் நண்பர்கள் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். சரி, பகலில் யார் கிடைப்பார்கள் என்று பார்த்தேன். டே ஸ்காலர்கள். அவர்களை எந்தப் பேனலும் கண்டுகொள்வதில்லை. மாலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அதனால் "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று ஒதுக்கிவிடுவோம்.

நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஹாஸ்டல்காரிக்கு அதில் வேலையே இல்லை, கண்டக்டர் மாதிரி நின்றுகொண்டு போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பி வருவேன். கடைசி பஸ் 5.15-க்கு. வேதியியல், உயிரியல் லேப் முடிவது 5.30-க்கு. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார், லேப் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல், ரெக்கார்ட் நோட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நான்கைந்து பெண்கள் ஓடி வருவார்கள். ஒருத்தியின் கையில் மஞ்சளாகக் கறை இருந்தது. "நைட்ரிக் ஆசிட்க்கா, கழுவ டைம் இல்ல" என்றாள். ஓடி வந்து பிடிக்க முடியாதவர்கள் இன்னும் முன்னதாகவே லேபிலிருந்து கிளம்பி, அட்டெண்டன்ஸில் அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தேர்தல் அறிக்கையில் பத்துக்கும் மேற்பட்ட வாக்குறுதிகள் இருந்தன. இது அதில் இல்லை.

போக்குவரத்துப் பிரிவில் போய்க் கேட்டோம். அரை மணி நேரம் தள்ளினால் டிரைவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும், அதற்கு நிதிப் பிரிவு ஒப்புதல் இல்லை, முடியாது என்றார்கள். என் பேனலில், "இதைப் போய் வெளியே சொல்லாதே, தோத்துப்போன மாதிரி இருக்கும்" என்றார்கள். நான் அன்று மாலையே பஸ்ஸில் ஏறி, கேட்டேன், முடியாதென்று சொல்லிவிட்டார்கள், காரணம் இதுதான் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதுவரை "சரிக்கா", "ஓகேக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு பையன், "பஸ்ஸை ஏன் மாத்தணும், லேபை மாத்தச் சொல்லுங்கக்கா, மத்தியானம் எங்களுக்கு சும்மாதானே ஒரு மணி நேரம் போகுது" என்றான். துறைத் தலைவர்களிடம் போனோம். ஒரு துறை ஒப்புக்கொண்டு லேபை முன்னால் இழுத்தது. இன்னொரு துறை கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் பஸ்ஸில் சொன்னேன்.

அதன் பிறகு நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டத் தொடங்கினேன். என்ன கேட்டோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று மூன்று கட்டம், அவ்வளவுதான். "முடியாது" என்று வந்ததையும் எழுதினேன். ஒரு நாள் அந்தத் தாளின் அடியில் யாரோ பென்சிலால் "ஹாஸ்டல் பின்பக்க லைட்?" என்று கிறுக்கியிருந்தார்கள். எந்த ஃபார்மிலும் அந்தப் புகார் வந்ததில்லை. அடுத்த தாளில் அதற்கும் ஒரு வரி போட்டேன். அதிலிருந்து பென்சில் எழுத்து கூடிக்கொண்டே போனது. "பொய்" என்றும் ஒருவர் எழுதினார், இருக்கட்டும்.

இப்போது சிலர் வருவார்கள். "பஸ் டைம் மாத்துறதுதான் மாணவர் அரசியலா? இது வார்டு கவுன்சிலர் வேலை" என்று. கொள்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டண உயர்வை எதிர்த்து நாங்கள் உட்கார்ந்தபோது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்களோடு இருந்தது அந்த டே ஸ்காலர்கள்தான், கொள்கை பேசியவர்களில் பலர் அன்று ஊருக்குப் போயிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் என்பதே நிரந்தரமான ஏற்பாடு இல்லை. லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதில், பேரவை அரசியலுக்குப் பேர்போன டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்திலேயே 2012 வரை தேர்தல் நடக்கவில்லை. சாதாரண மாணவருக்குப் பேரவை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டால், அதை நிறுத்துவதற்கு நிர்வாகம் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

எல்லாப் புகாரையும் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க்கும் குழு, புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளின் மேல்முறையீட்டை விசாரிப்பவர்) மேல்முறையீடு செய்யலாம். இது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியப்படுத்தி, கூட உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தாலே அது பெரிய வேலை. பாலியல் தொல்லைப் புகார் வந்தால் பேரவை அறையில் வைத்துப் பஞ்சாயத்து பேசவே பேசாதீர்கள். அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும் என்று யுஜிசியின் 2015 விதிமுறையே சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த மூன்று பேர் யார், எப்படி வந்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆராய்ச்சி மாணவர்கள் எதற்கும் வரமாட்டார்கள். நான் படித்தபோது நெட் தகுதித் தேர்வு வழியாக உதவித்தொகை பெறாத பிஎச்.டி. மாணவருக்கு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய், அதுவும் மாதாமாதம் வராது. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் லேபுக்கே போக வேண்டும், கைடு இல்லாத நேரமாகப் பார்த்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து வேலைக்குப் போனபோது, ஒரு நிறுவன நேர்காணலில் என் பயோடேட்டாவில் "பேரவைச் செயலாளர்" என்ற வரியைப் பார்த்துவிட்டு, "இங்கேயும் வந்து ஸ்டிரைக் பண்ணுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். என்னோடு வந்த தோழி கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தவள். அவளுக்கு அதே மேசையில் தலைமைப் பண்பு என்று பாராட்டு. பதிவாளர், நிதி அதிகாரி, டீன் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசி ஒரு கையெழுத்து வாங்குவதற்கு என்ன பண்பு வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அடுத்த நேர்காணலுக்கு அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள் வீட்டில். நான் எடுக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் நூலக வாசலில் ஒட்டிய மூன்று கட்டத் தாள் மாதிரி நீங்களும் ஒன்று ஒட்டி, அந்தக் கணக்கின் நகலையும் அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். யாரும் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், உங்களிடம் தோற்றவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். உங்களுக்கு ஓட்டுப் போடாதவர்கள் யார், அவர்களுக்கு என்ன கோபம் என்று அவருக்குத்தான் தெரியும். செயலாளர் பதவிக்கு எனக்கு எதிராக நின்றவர் ஆண்கள் ஹாஸ்டல்காரர். நான் நுழைய முடியாத அந்த ஹாஸ்டலின் புகார்களையெல்லாம் வருடம் முழுக்க எனக்கு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். அவர் அமைப்பில் இதற்காக அவரைத் திட்டினார்கள், என் பேனலில் என்னைத் திட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.