உங்கள் வீடு ஒரு காலத்தில் பப்பாக இருந்ததா? பெயரை விட்டு லைசென்ஸைத் தேடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் நார்விச் நகரில், பழைய பகுதியில் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். அது முன்பு பப்பாக இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். பெயர் 'ரோஸ்' என்று அவருக்கு நினைவு. தெருப்பக்கம் அடைத்துப் பூசிய ஒரு கதவும், பீப்பாய் இறக்கும் வழியோடு ஒரு நிலவறையும் இருக்கின்றன. எந்தக் காலத்தில் அது பப்பாக இருந்தது, யார் யார் நடத்தினார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும். நார்விச் என்பது உங்களுக்குச் சாதகம். 'வாரத்துக்கு ஒரு சர்ச், நாளுக்கு ஒரு பப்' என்று அந்த ஊரைப் பற்றிச் சொல்வார்கள். அத்தனை பப் இருந்த ஊரில் அவற்றைப் பற்றிய காகிதங்களும் ஏராளம். குழப்பமும் அதே அளவுக்கு உண்டு. 'ரோஸ்' என்ற பெயரில் மட்டும் நார்விச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட பப்கள் இருந்திருக்கின்றன. பெயரை வைத்து இணையத்தில் தேடி, கிடைத்த பட்டியலை உங்கள் வீட்டின் வரலாறு என்று எடுத்துக்கொண்டால், வேறு தெருவில் இருந்த யாரோ ஒருவரின் கதையை உங்கள் சுவரில் மாட்டிவைப்பீர்கள்.

கட்டடம் வேறு, பெயர் வேறு, லைசென்ஸ் வேறு. கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம்; அதில் பீர் விற்கத் தொடங்கியது 1830க்குப் பிறகாக இருக்கலாம். பெயர் மாறலாம், அடுத்த தெருவுக்கே போய்விடலாம். லைசென்ஸ் மட்டும் ஒரு ஆளின் பெயரையும் ஒரு குறிப்பிட்ட வீட்டையும் சேர்த்து எழுதப்பட்டது. ஆகவே லைசென்ஸைப் பின்தொடருங்கள். பழைய காலத்திலிருந்து முன்னோக்கி வராமல், பப் மூடிய நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

முதல் வேலையை வீட்டில் இருந்தபடியே செய்யலாம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் வீட்டின் பதிவு நகலைச் சில பவுண்டு கட்டி இணையத்திலேயே எடுத்துவிடலாம். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி அடுத்தடுத்த கைமாற்றங்கள் எல்லாம் அதில் வராது. பெரும்பாலும் இப்போதைய நிலைதான் இருக்கும். ஆனால் பப்பாக இருந்த வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுத் தயாரிப்புக் கம்பெனிகள் தங்கள் பப்பை மூடி விற்கும்போது, 'இந்த இடத்தில் இனி மது விற்கக் கூடாது' என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பது வழக்கம். அது பதிவில் தொடர்ந்து வரும், கூடவே அந்தப் பத்திரத்தின் தேதியும் விற்றவர் பெயரும் வரும். ஸ்டூவர்ட் அண்ட் பேட்டசன், புல்லார்ட்ஸ், மார்கன்ஸ் ஆகிய நார்விச் பீர் கம்பெனிகளின் பெயர்களில் ஒன்று அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது; யாருடைய பப் என்று தெரிந்துவிடும். 1963இல் வாட்னி மான் என்ற பெரிய கம்பெனி ஸ்டூவர்ட் அண்ட் பேட்டசனையும் புல்லார்ட்ஸையும் வாங்கியது. உங்கள் பத்திரத்தில் அதற்குப் பிந்தைய தேதியோடு வாட்னி பெயர் இருந்தால், அதற்கு முன் இந்த இரண்டில் ஒன்றின் கையில் இருந்ததா என்று பாருங்கள். வீடு வாங்கியபோது வக்கீல் பழைய மூலப்பத்திரங்களைக் கொடுத்திருந்தால் அவற்றையும் ஒரு தாள் விடாமல் படியுங்கள். இங்கிலாந்து முழுவதும் விற்பனையின்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய பத்திரங்களைப் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு, குப்பையில் போட்டவர்களும் உண்டு.

அடுத்தது லைசென்ஸ் பதிவேடு. 1872ஆம் ஆண்டுச் சட்டம் இதை முறைப்படுத்தியது. ஒவ்வொரு பப்புக்கும் அதன் பெயர், இடம், உரிமையாளர், லைசென்ஸ் வைத்திருப்பவர், எந்தத் தேதியில் யாரிடமிருந்து யாருக்கு மாறியது, நேரம் கடந்து விற்றது போன்ற குற்றத்துக்கு அபராதம் கட்டினாரா என்பது வரை அதில் இருக்கும். மூல ஆவணங்களுக்கு நீங்கள் போக வேண்டிய இடம் நார்விச் மார்ட்டினோ லேனில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகம். அங்கே கேட்கும்போது 'நார்விச் நகரத்துக்கான லைசென்ஸ் பதிவேடு' என்று தெளிவாகக் கேளுங்கள். நார்விச் 1404லிருந்தே தனி கவுன்ட்டி (மாவட்டம்) என்ற அந்தஸ்து பெற்ற நகரம். அதற்கெனத் தனி நீதிமன்ற அமர்வுகள் இருந்தன. சுற்றியிருக்கும் நார்ஃபோக் மாவட்டப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு 'இல்லை' என்று திரும்பக் கூடாது.

லேண்ட்லார்ட் என்றதும் வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பப்பில் அவர் பெரும்பாலும் குத்தகைக்காரர்தான். கட்டடம் கம்பெனியுடையது, பீரும் அந்தக் கம்பெனியிடமிருந்துதான் வாங்க வேண்டும். வியாபாரம் சரியில்லை என்றால் இரண்டு மூன்று வருடத்தில் வேறு பப்புக்குப் போய்விடுவார். பதிவேட்டில் பத்து ஆண்டுகளில் ஐந்து பெயர் வந்தால் பதற வேண்டாம், அது இயல்பு. அப்புறம், பெண்களைத் தவறவிடாதீர்கள். புருஷன் இறந்தால் லைசென்ஸ் பெரும்பாலும் மனைவிக்கு மாறும். அவர் மறுமணம் செய்தால் புதுக் கணவரின் பெயருக்கு மாறும். குடும்பப் பெயர் மூன்று முறை மாறியிருந்தாலும், முப்பது வருடமும் அங்கே பீர் ஊற்றிக்கொடுத்தது ஒரே பெண்மணியாக இருக்கலாம். இதைச் சரிபார்க்காத பட்டியல்கள் எவ்வளவோ உண்டு. திருமணப் பதிவையும் இறப்புப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் கண்ணில் படுவார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்குப் பெரிய துணை. 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை, வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் தொழிலும் கிடைக்கும். 1921ஆம் ஆண்டுத் தாளில் முதலாளி யார் என்றும் கேட்டார்கள். ஆகவே அவர் கம்பெனியின் சம்பளக்காரரா, சொந்தமாக நடத்தியவரா என்பதுகூடத் தெரியலாம். 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போய்விட்டது, 1941இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு. அதில் சில வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களின் விவரத்தை, இறப்பு உறுதியானால் ஒழியக் காட்டமாட்டார்கள்.

சரி, பப் எப்போது மூடியது? நார்விச்சில் மூன்று வாய்ப்புகளை முதலில் பாருங்கள். ஒன்று, 1904ஆம் ஆண்டுச் சட்டம். பப்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன என்று மாஜிஸ்திரேட்டுகள் கருதினால், நடத்தையில் குற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் மூடச் சொல்லலாம். மற்ற பப்களிடம் வசூலித்த நிதியிலிருந்து இழப்பீடு தரப்படும். உங்கள் பப் இப்படி மூடியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இழப்பீட்டு விசாரணையில் பக்கத்தில் எத்தனை பப் இருந்தன, எவ்வளவு பீர் விற்றது, பின்வாசல் எந்தச் சந்தில் திறக்கிறது என்றெல்லாம் சாட்சி சொன்னார்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் அதை அச்சிட்டன. உங்கள் அடைத்த கதவைப் பற்றிக்கூட அங்கே ஒரு வரி இருக்கலாம். இரண்டாவது, 1942 ஏப்ரல் இறுதியில் நடந்த ஜெர்மன் குண்டுவீச்சு. கட்டடம் நிற்கிறது என்பதால் இதை நீங்கள் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம், ஆனால் சேதத்தால் லைசென்ஸ் நிறுத்தப்பட்ட பப்களும் உண்டு. மூன்றாவது, 1963க்குப் பிறகு வாட்னி மூடிய பப்கள். பெரியவருக்குப் பெயர் நினைவிருக்கிறது என்றால் நான் இந்த மூன்றாவதிலிருந்துதான் தேடத் தொடங்குவேன். அவர் பப்பைத் தன் கண்ணால் பார்த்தாரா, அல்லது அவர் அப்பா சொல்லிக் கேட்டாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஆவணம் எங்கும் போகாது, அவருடைய நினைவு அப்படியல்ல.

ஒரு புகைப்படம் கிடைத்தால் வாசலுக்கு மேலே இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லைசென்ஸ் வைத்திருப்பவரின் பெயரைக் கட்டடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று 1872 சட்டத்தில் இருந்தது. அந்தப் பெயரைப் பதிவேட்டில் பொருத்தினால் படம் எடுத்த ஆண்டைச் சில மாத வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். ஜார்ஜ் பிளங்கெட் என்பவர் 1931 முதல் நார்விச்சைத் தெருத் தெருவாகப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் தெரு அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கட்டடத்தின் உள்ளே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1910இல் நில வரிக்காக நாடு முழுவதும் சொத்துகளை மதிப்பிட்டார்கள். மதிப்பீட்டாளரின் கையேட்டில் எத்தனை அறை, என்ன நிலையில், உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், வாடகை என்ன என்று எழுதியிருக்கும். பப் என்றால் லைசென்ஸுக்கான மதிப்பும், சில பதிவுகளில் பீர் விற்பனை அளவும் இருக்கும். முதலில் அந்த மதிப்பீட்டு வரைபடத்தில் உங்கள் வீட்டின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் கையேட்டைக் கேட்க முடியும். வெறும் முகவரியோடு போனால் நாள் வீணாகும்.

1872க்கு முன்னால் பாதை கரடுமுரடாகிவிடும். 1830ஆம் ஆண்டு பீர்க்கடைச் சட்டம்தான் காரணம். வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் ஆண்டுக்கு 2 கினி (பழைய ஆங்கிலப் பண அளவு) செலுத்திவிட்டு, மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமலேயே, தன் வீட்டு முன்னறையில் பீர் விற்கலாம் என்று அது அனுமதித்தது. ஜின்னைக் குறைத்துப் பீரைப் பெருக்க வேண்டும் என்பது அன்றைய அரசின் கணக்கு. நெசவாளியும் செருப்புத் தொழிலாளியும் நிறைந்த நார்விச் போன்ற ஊரில் இது எப்படிப் பரவியிருக்கும் என்று யோசியுங்கள். பகலில் புருஷன் தறியில், மனைவி பீர் குடத்தோடு முன்னறையில். 1869இல்தான் பீர்க்கடைகள் மீண்டும் மாஜிஸ்திரேட்டுகளின் கீழ் வந்தன. இடைப்பட்ட சுமார் 40 ஆண்டுகளுக்கு, ஊரின் ஆட்களையும் தொழில்களையும் பட்டியலிட்டு அச்சிட்ட டைரக்டரிகளில் அவை பெயரில்லாமல், 'பீர் விற்பவர்' என்ற தலைப்பில் ஆளின் பெயரோடு மட்டும் வரும். கணக்கெடுப்பிலோ அதே மனிதர் வெறும் செருப்புத் தொழிலாளியாக இருப்பார். பின்னால் வந்த பதிவேட்டில் '1869க்கு முந்தைய பீர்க்கடை' என்ற குறிப்பைக் கண்டால், உங்கள் வீடும் இந்த வகையாக இருக்கலாம். அளவில் சிறிய வீடு என்றால் என் ஊகமும் அதுதான்.

டைரக்டரிகளில் நார்விச்சுக்கு முதலாவது 1783இல் வில்லியம் சேஸ் வெளியிட்டது. ஒயிட் என்ற பதிப்பாளர் 1836, 1845 ஆண்டுகளிலும் பிறகும் வெளியிட்டவையும், கெல்லி என்ற இன்னொரு பதிப்பாளரின் பதிப்புகளும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. டைரக்டரி அச்சாகி வரும்போதே தகவல் பழையதாகியிருக்கும். போனவரின் பெயர் அடுத்த பதிப்பிலும் தொடர்வதுண்டு. பழைய பதிப்புகளில் கதவு எண் இருக்காது, இருந்தாலும் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். எண்ணை நம்பாமல் இரண்டு பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூலை, சர்ச், சந்து போன்ற அசையாத அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நார்விச்சில் பேரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) பெயரும், பப்பின் பெயரையே தாங்கிய பின்கட்டு முற்றங்களும் இதற்கு உதவும். அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1880களின் பெரிய அளவு நகர வரைபடத்தை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டின் மேல் 'பி.எச்.' (பப்ளிக் ஹவுஸ், அதாவது பப்) என்ற இரண்டெழுத்து இருந்தால், அப்போது அங்கே பப் இருந்தது உறுதி.

அதற்கும் முன்னே போக விரும்பினால் 1753க்கும் 1828க்கும் இடைப்பட்ட ஜாமீன் பதிவேடுகளைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துவேன் என்று பப்காரர் மாஜிஸ்திரேட் முன் எழுதிக்கொடுப்பார். ஜாமீன் நிற்பவர் பெயரும் இருக்கும். ஜாமீன் நின்றவர் இன்னொரு பப்காரராகவோ பீர் தயாரிப்பவராகவோ இருந்தால் அது நல்ல துப்பு. பல ஊர்களில் பப்பின் பெயரை எழுதாமல் ஆளின் பெயரை மட்டும் எழுதினார்கள். ஆகவே பின்னோக்கி வரும் ஆட்களின் சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் இவை பயன்படும். இடையில் எங்கே இழை அறுந்தாலும், குத்தகை விளம்பரங்களுக்கும் ஏல அறிவிப்புகளுக்கும் 'நார்விச் மெர்க்குரி', 'நார்ஃபோக் கிரானிக்கிள்' இதழ்களைப் பாருங்கள். கடனில் மூழ்கியவர்களை 'லண்டன் கெசட்' அரசிதழில் இலவசமாகத் தேடலாம்.

1552லிருந்தே மது விற்க மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி வேண்டும் என்றாலும், அவ்வளவு பழங்காலத்தில் ஒரு சாதாரண வீட்டைப் பிடிப்பது அபூர்வம். உயில்களும், இறந்தவரின் பொருட்களை அறை அறையாக எழுதிய பட்டியல்களும்தான் கதி. பலகையில் எழுதிய பழைய ஆண்டுகளைக் கண்டு மயங்க வேண்டாம். நார்விச்சின் 'ஆடம் அண்ட் ஈவ்' 1249லிருந்து இருப்பதாகச் சொல்வார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

காப்பகத்துக்குப் போகும் முன் இணையத்தில் பட்டியலைப் பார்த்து ஆவண எண்களைக் குறித்து, நேரம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பேனா அனுமதிக்கமாட்டார்கள், பென்சில் எடுத்துப்போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று அப்போதே எழுதிவிடுங்கள். 1864 டைரக்டரியில் ஒருவர் பெயர் இருந்தால் '1864இல் இருந்தார்' என்று மட்டும் எழுதுங்கள். '1864 முதல் 1871 வரை' என்று எழுத, லைசென்ஸ் மாறிய தேதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.