வாசகர் கேள்வி: கியர் 'நச்'சென்று மாற ரெசிஸ்டர் போடலாமா?

கேள்வி: என்னுடையது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். வாரம் இரண்டு முறை ஏற்காடு ஏறுகிறேன். கியர் வழுக்கிக்கொண்டு மாறுவது போல இருக்கிறது. பிரஷர் சொலினாய்டு ஒயரில் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். பிரஷர் சொலினாய்டு என்பது கியர் பெட்டிக்குள் கிளட்ச்சுகளை இறுக்கும் ஆயில் அழுத்தத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் வால்வு. பெரும்பாலான பெட்டிகளில் இதற்கு மின்னோட்டம் குறைந்தால் ஆயில் அழுத்தம் ஏறும். ஒயர் அறுந்தாலும் கிளட்ச் நழுவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ரெசிஸ்டர் யோசனை பிறந்ததும் அதிலிருந்துதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சொலினாய்டின் சுருள் சுமார் 5 ஓம், ரெசிஸ்டர் 10, மொத்தம் 15. வண்டியின் 13.5 வோல்ட்டில் 0.9 ஆம்பியருக்கு மேல் ஓடாது. மெதுவாகப் போகும்போது கம்ப்யூட்டர் 1 ஆம்பியர் கேட்டால் அது கிடைக்காது, அழுத்தம் எகிறும். ஐந்து ரோடு நெரிசலில் ஒவ்வொரு கியருக்கும் இடி வாங்குவீர்கள். மலையேற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ, கம்ப்யூட்டரே மின்னோட்டத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றியிருக்கும். ஆகவே உங்களுக்குத் தேவைப்படும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ரெசிஸ்டரால் எந்தப் பயனும் இல்லை. கேட்ட மின்னோட்டம் வராததைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தால் பி0748 போன்ற பழுதுக் குறியீடு பதிவாகும். வண்டி ஒரே கியரில் நின்றுவிடவும் கூடும்.

முதலில் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். கியர் மாறும்போது முள் நிதானமாக இறங்கினால் அது மென்மையான மாற்றம், பழுதில்லை. 200, 300 துள்ளி ஏறிவிட்டு இறங்கினால் உண்மையிலேயே நழுவுகிறது.

நழுவினால் ஆயிலில் தொடங்குங்கள். சமதளத்தில், இன்ஜின் ஓட, கையேடு சொல்லும் ஆயில் வெப்பநிலையில் மட்டம் பார்க்க வேண்டும்; வெப்பத்தை ஸ்கேனரில் படிக்கலாம். கருத்து, தீய்ந்த வாசனை வந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று பொருள். பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். அப்படியில்லை என்றால் கையேட்டில் உள்ள அதே ரக ஆயிலை மாற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் பழையது தங்குவதால் ஒரு முறை வடித்தால் பாதிகூட வராது. சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் 2, 3 முறை செய்ய வேண்டும். பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷனை (கியர் மாற்றத்துக்காகக் கம்ப்யூட்டர் தானாகக் கற்றுவைத்த அளவுகளை) அழித்து, புதிதாகக் கற்க விடுங்கள். இதைச் சமதளச் சாலையில் செய்யுங்கள், மலைப்பாதையில் அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் இன்னும் அழுத்தமான மாற்றம்தான் பிடிக்கும் என்றால், உங்கள் பெட்டிக்கென்றே வரும் ஷிப்ட் கிட் என்ற உதிரிபாகத் தொகுப்பையோ, அழுத்தத்தையும் கியர் மாறும்போதான இன்ஜின் டார்க் (முறுக்கு விசை) குறைப்பையும் சேர்த்துத் திருத்தும் டியூனிங்கையோ நாடலாம். மலையில் கியர் ஏறி இறங்கி அலைவதைத் தவிர்க்க மேனுவல் மோடில் 2 அல்லது 3-இல் பிடித்து ஓட்டினாலே போதும். இறங்கும்போதும் அப்படியே ஓட்டுங்கள், பிரேக் சூடாகாது.