கிணற்றைக் கேட்டுவிட்டுத் தடாகத்துக்குக் குழி தோண்டுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் நீர்த்தொட்டி, நீச்சல் தடாக வேலைகளை மேற்பார்வை செய்து வருபவன் என்ற முறையில், சிறிய வளவில் தடாகம் அமைக்க எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். சீமெந்தும் கம்பியும் விற்கும் விலையில், இன்று நான் எழுதும் தொகை நீங்கள் வாசிக்கும் நாளில் பொய்யாகிவிடும்.

கேள்வி (கொக்குவில்): ஐயா, எமது காணி இரண்டு பரப்பு. வீடு, கிணறு, மலசலகூடக் குழி போக, வீட்டுக் கோடியில் 25 அடிக்கு 18 அடி வெற்றிடம் இருக்கிறது. எந்த அளவில் தடாகம் பொருந்தும்?

பதில்: கடதாசியில் வரைந்தால் 20 அடித் தடாகம்கூட அதற்குள் அடங்கும். ஆனாலும் 13 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம் என்ற அளவைத் தாண்ட வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம். இது ஏறக்குறைய 12,000 லீற்றர் நீர் கொள்ளும். பெரியவர் ஒருவர் நெஞ்சளவு நீரில் நிற்கலாம், பிள்ளைகள் நீந்திப் பழகலாம், முழங்கால் நோவுள்ளவர்கள் நீருக்குள் நடக்கலாம். நீட்டி நீந்த விரும்புபவர் இடுப்பில் இழுபட்டியைக் கட்டி, அதன் மறுமுனையைச் சுவர்க் கொளுக்கியில் மாட்டிக்கொண்டால் ஒரே இடத்தில் நின்றபடி நீந்த முடியும். குதித்துப் பாய்வதற்கு மட்டும் இந்த ஆழம் ஒருபோதும் போதாது.

மிகுதி இடத்தை வீண் என்று எண்ண வேண்டாம். எமது மதில்கள் பெரும்பாலும் ஆழமில்லாத அத்திவாரத்தில் நிற்பவை. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது மதிலை விட்டு விலகித் தோண்டாவிட்டால், முதல் மழையில் அயலவருடைய மண்ணும் மதிலும் சேர்ந்து உங்கள் குழிக்குள் வந்துவிடும். கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் முடிந்தளவு தள்ளியே இடத்தைத் தெரிவு செய்யுங்கள். வேம்பும் மாவும் நிற்கும் பக்கத்தைத் தவிருங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சருகு அள்ளுவதே தொழிலாகிவிடும். வரைபடத்தோடு உள்ளூராட்சிச் சபைக்குப் போய் அனுமதி பெற்ற பின்னரே மேசனுக்கு நாள் சொல்லுங்கள்.

கேள்வி (நீர்வேலி): ரொறன்ரோவில் இருக்கும் மகள், ஒரே அச்சில் வார்த்த பைபர் தடாகத்தை வாங்கி அப்படியே குழிக்குள் இறக்கிவிடலாம், சீமெந்து வேலையே வேண்டாம் என்கிறாள். எங்கள் மண்ணுக்கு அது சரிவருமா?

பதில்: மகள் சொல்வது பிழையல்ல, பைபர் தடாகம் சில நாட்களிலேயே பொருத்தி முடியும், அதன் மழமழப்பான மேற்பரப்பில் பாசியும் இலகுவில் ஒட்டாது. எமக்கு வரும் சிக்கல் மாரியில் மேலேறும் நிலத்தடி நீர்.

வெறும் அண்டாவை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தவர்களுக்கு அது கையை எப்படித் தள்ளும் என்று தெரியும். மேற்சொன்ன அளவுத் தடாகத்தின் அடித்தளத்திலிருந்து 2 அடி உயரத்துக்கு நிலத்தடி நீர் ஏறினால், அது தடாகத்தை ஏறக்குறைய 7 தொன் விசையோடு மேலே தள்ளும். பைபர் ஓட்டின் எடையோ சில நூறு கிலோகிராம்தான். உள்ளே நீர் நிறைந்திருக்கும்வரை அது அசையாது; மாரியில் இறைத்து வெறுமையாக்கினால் மிதக்கும். 6 அங்குலத் தடிப்பில் கம்பி கட்டி வார்த்த கொங்கிரீட் தடாகம் 10 தொன்னுக்குச் சற்று மேலே எடை கொண்டிருப்பதால், நிலத்தடி நீர் அடியிலிருந்து 3 அடிக்குக் கிட்ட ஏறும்வரை தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் அதற்கும் உத்தரவாதமில்லை.

நான் மேற்பார்வை செய்த ஒரு பைபர் தடாகத்தை, அடியில் படிந்த பாசியைத் தேய்ப்பதற்காக, மார்கழி மழை ஓய்ந்த ஒரு நாளில் வீட்டுக்காரர் முழுவதுமாக இறைத்துவிட்டார். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது ஒரு பக்க விளிம்பு நடைபாதையை விட ஒரு சாண் உயர்ந்து நின்றது. அதை ஒட்டிப் பதித்திருந்த ரைல்ஸ் வரிசை பிளந்து, கீழே குழாயின் முழங்கை இணைப்பு முறிந்து கிடந்தது. மாரியில் இறைக்கக் கூடாது என்று நான் வாயால் சொல்லியிருந்தேனே தவிர எழுதிக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் பம்பி வைக்கும் அறையின் சுவரிலேயே பெயின்ரால் எழுதிவிட்டுத்தான் சாவியைக் கையளிக்கிறேன்.

ஆகவே முதலில் உங்கள் கிணற்றை அளந்து பாருங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை, வாரத்துக்கு ஒரு தடவை, முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நில மட்டத்திலிருந்து நீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அந்த நான்கு மாதங்களில் கண்ட மிக உயர்ந்த மட்டத்துக்கு மேலேதான் தடாகத்தின் அடித்தளம் அமைய வேண்டும். நீர் நில மட்டத்துக்கு 4 அடி கீழே வரை ஏறி வருமானால், இரண்டரை அடி தோண்டி, மிகுதி ஒன்றரை அடியை நிலத்துக்கு மேலே எழுப்புங்கள். அந்த விளிம்பு திண்ணை போல இருந்து கால் நனைக்கவும் உதவும். அடித்தளத்தில் நீரமுக்கத்தைத் தணிக்கும் வால்வு ஒன்றையும் வைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் மேலே தெரியும் காணியில் தோண்டும் கூலி அதிகம் என்பதால், பாதி மேலே எழுப்புவது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

கேள்வி (வேலணை): எங்கள் கிணறு ஆவணியில் உவர்க்கத் தொடங்கிவிடும். 12,000 லீற்றரை எங்கிருந்து எடுப்பது?

பதில்: கிணற்றிலிருந்து ஒரே மூச்சில் எடுக்கவே வேண்டாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் எமது நன்னீர், சுண்ணாம்புப் பாறைக்குள் கடல்நீரின் மேலே மிதக்கும் ஒரு வில்லை போலவே இருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அதனால்தான். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேல்மட்டம் சற்று இறங்கினாலும் கீழிருந்து உவர் எவ்வளவு விரைவாக ஏறக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். தீவகத்தில் அந்த வில்லை மெல்லியது. நீங்கள் ஒரு நாள் முழுவதும் மோட்டரை ஓட விட்டால் அயலவரின் குடிநீரும் கெடும்.

நான் சொல்லும் வழி கூரை மழை. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் கிடைக்கும். ஐந்தாறு அங்குல மழையில் தடாகம் நிறைந்துவிடும். முதல் மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவுப்படும் என்பதால் அதை வெளியே போகவிட்டு, அதன் பின்னர் பீலியைத் தடாகத்துக்குத் திருப்புங்கள். ஆனி, ஆடியில் வேலையைத் தொடங்கி, கொங்கிரீட்டை ஈரச்சாக்குப் போட்டு நன்றாக முற்றவிட்டு, புரட்டாசிக்குள் பூச்சையும் முடித்தால், ஐப்பசி மழை தடாகத்தை நிறைக்கும். நிலத்தடி நீர் ஏறத் தொடங்கும் நாட்களில் உங்கள் தடாகமும் நிறைந்து கனமாக இருக்கும் என்பதால், நீர்வேலி வாசகருக்குச் சொன்ன ஆபத்தும் இவ்வழியால் நீங்குகிறது.

தனி மழைநீர் மென்மையானது, சீமெந்துப் பூச்சிலிருந்து கல்சியத்தைக் கரைத்தெடுக்கும். ஆகையால் நல்ல மழைக்குப் பின், கிணறு உவர்க்காத நாட்களில், சிறிது கிணற்று நீரையும் இரண்டு மூன்று நாட்களில் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுன்னாகம்): குளோரின் தூள் போட்டதும் நீர் பால்போல வெளுத்துவிட்டது. தூள் கலப்படமா?

பதில்: கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் அதே சுண்ணாம்புதான் உங்கள் தடாகத்திலும் வெளுத்துத் தெரிகிறது. குளோரின் தூள் பெரும்பாலும் கல்சியம் ஹைப்போகுளோரைட். அது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை உயர்த்துவதோடு கல்சியத்தையும் கூட்டும். ஏற்கெனவே கடினமான எமது நீரில் மிகுதிச் சுண்ணாம்பு பிரிந்து மிதக்கும். பிஎச் அளவை 7.2 முதல் 7.6 வரை வைத்துக்கொண்டு வடிகட்டியை ஒரு நாள் தொடர்ந்து ஓட விட்டால் தெளியும். அதன் பின்னர் திரவக் குளோரினுக்கு மாறுங்கள். அது கல்சியத்தைச் சேர்க்காது. வெயிலில் வைத்தால் வீரியம் இழக்கும் என்பதால் சிறிது சிறிதாகவே வாங்குங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நீரில் குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். 12,000 லீற்றரில் 1 மில்லிகிராம் உயர்த்துவதற்கு 65 வீத வீரியமுள்ள தூள் 18 கிராம் போதும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசு வாங்குங்கள். வாளி நீருக்குள் தூளை இட வேண்டுமே தவிர, தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. பிஎச் குறைக்கும் அமிலத்தைக் குளோரின் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு உயிரைக் குடிக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): உப்புநீர்த் தடாகத்துக்குக் குளோரின் தேவையில்லை என்று லண்டனில் இருக்கும் தம்பி சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. அந்த இயந்திரம் கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தின் மூலம் குளோரினைத்தான் உண்டாக்குகிறது. கண் எரிச்சல் குறைவாக இருக்கலாம். ஆனால் வடிகட்டியைக் கழுவும் ஒவ்வொரு தடவையும் சில நூறு லீற்றர் உப்புநீர் வெளியேறி, பாறை வெடிப்புகளின் வழியாகக் கிணற்றைத் தேடிப் போகும். கடல் உவரைத் தடுக்கப் பாடுபடும் ஊரில் நாமே உப்பைக் கொண்டுவந்து மண்ணில் ஊற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

கேள்வி (யாழ். நகர்): நிலத்தில் இடமில்லை. மொட்டை மாடியில் சட்டகத் தடாகம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டடி ஆழ நீர் ஒரு சதுர மீற்றரில் 600 கிலோகிராம் எடையை ஏற்றும்; வீட்டுத் தளங்கள் வழமையாக அதில் மூன்றிலொரு பங்குச் சுமைக்கே கணக்கிடப்படுகின்றன.

கேள்வி (உரும்பிராய்): பேரப்பிள்ளைகள் ஆடி விடுமுறைக்கு வருகிறார்கள். கடையில் விற்கும் 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலமான தற்காலிகத் தடாகம் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். 65 சென்ரிமீற்றர் நீர் விட்டால் 3,900 லீற்றர். நிலத்தை மட்டப்படுத்தி, கூரான கல்லையும் நெருஞ்சி முள்ளையும் பொறுக்கி, பழைய பாய் அல்லது தடித்த சாக்கு விரித்து அதன் மேல் வையுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கச் சட்டகத்தில் நீரமுக்கம் கூடும். விடுமுறை முடிந்து பிள்ளைகள் விமானம் ஏறிய அன்றே நீரை வாழைக்கு விட்டு, உலர்த்தி, மடித்து வைத்துவிடுங்கள். குளோரின் இல்லாமல் தேங்கி நிற்கும் நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

கேள்வி (மானிப்பாய்): தடாகத்தின் நீர் நாளாந்தம் குறைகிறது. கசிவா, ஆவியாதலா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: ஒரு வாளியில் தடாக நீரை நிறைத்து, கல் ஒன்றை உள்ளே போட்டு, தடாகத்தின் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, பம்பியை நிறுத்தி, யாரையும் இறங்கவிடாமல் 24 மணிநேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயிலும் காற்றும்தான் காரணம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர், அதாவது 13 அடித் தடாகத்தில் ஏறக்குறைய 50 லீற்றர் போவது இயல்பு. வெளியே கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. முதலில் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களைப் பாருங்கள்.

கேள்வி (கோண்டாவில்): மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

பதில்: அரைக் குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறக்குறைய அரை அலகு எடுக்கும். நாளுக்கு 6 மணிநேரம் ஓடினால் மாதம் 90 அலகு. அது உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

கேள்வி (நல்லூர்): வளவைச் சுற்றி ஆளுயர மதில் இருக்கிறது. தடாகத்துக்கு வேறு வேலி எதற்கு?

பதில்: மதில் வெளியாரைத் தடுக்கும், ஆபத்து வீட்டுக்குள் தவழும் குழந்தைக்கு. சமையலறைக் கதவுக்கும் தடாகத்துக்கும் இடையில் 4 அடிக்குக் குறையாத, கால் வைத்து ஏற முடியாத வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் படலையும் வேண்டும். இதற்கு இடமில்லையென்றால் தடாகத்தைச் சிறிதாக்குங்கள்.

கேள்வி (புத்தூர்): தம்பி, எனக்கு வயது 71. தோட்டத்துக்கு இறைக்கும் நீர் எப்படியும் கிணற்றடித் தொட்டியால்தான் போகிறது. அந்தத் தொட்டியையே பெரிதாகக் கட்டினால் என்ன?

பதில்: அம்மா, எனக்கு வந்தவற்றுள் மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 8 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் கட்டினால் 4,000 லீற்றர் கொள்ளும். எப்படியும் தோட்டத்துக்கு இறைக்கும் நீர் என்பதால் புதிதாக ஒரு சொட்டும் செலவில்லை. வடிகட்டியும் வேண்டாம், குளோரினும் வேண்டாம். உள்ளே அகலமான மூன்று படிகளும், பிடித்து இறங்க ஒரு கைபிடிக் கம்பியும் வையுங்கள். அடியில் வாய்க்கால் பக்கமாகச் சற்றுச் சரிவு கொடுத்து, 2 அங்குல வெளியேற்றுக் குழாயைச் சரிவின் முனையில் பொருத்தச் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை முழுவதும் திறந்துவிட்டு, தும்புத்தடியால் சுவரைத் தேய்த்துக் கழுவிய பின்னரே மறுபடி நிரப்ப வேண்டும். பேரப்பிள்ளைகள் வரும் நாட்களில் கிணற்றடிப் படலைக்கு ஒரு பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போது சவர்க்காரம் மட்டும் தொட்டிக்கு வெளியே இருக்கட்டும்; அந்த நீர் உங்கள் வெங்காயப் பாத்திக்குத்தான் போகிறது.