குரல் அடங்கிய பிறகு வரும் சோர்வு: கேள்வி பதில்

சென்னையில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது போன்ற மனநோய்) உள்ளவர்களுக்குப் பேச்சுக் குழு நடத்துகிறேன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, உளவியலாளர். வந்த கேள்விகளில் சில:

மகனுக்கு 26 வயது. மாத்திரையில் குரல் கேட்பது நின்றுவிட்டது, ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். சோம்பேறித்தனமா மேடம்?

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. நோயே ஆர்வத்தைத் தின்றிருக்கலாம், மாத்திரையின் அசதியாக இருக்கலாம், நிஜமான மனச்சோர்வாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நோய் தணிந்து, படிப்பு போச்சு, கூடப் படித்தவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்று புரிகிற நேரத்தில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்கவே கால்கரி அளவுகோல் என்று ஒன்பது அம்சங்கள் கொண்ட ஒன்று இருக்கிறது. நம்பிக்கையிழப்பு, குற்ற உணர்வு, அதிகாலை விழிப்பு, தற்கொலை எண்ணம் எல்லாம் அதில் வரும். ‘செத்துவிடலாம் போல இருக்கிறதா’ என்று நீங்களே நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம்.

மற்றவர்களின் சந்தேகக் கதைகளைக் கேட்டு என் தம்பிக்கு இன்னும் கூடிவிடாதா?

நியாயமான பயம். நோய் உச்சத்தில் இருப்பவரை நாங்கள் சேர்ப்பதில்லை. ஆறேழு பேர், நடத்த இரண்டு பேர், நடுவில் ஒரு டீ. கதவோரம் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும், மூச்சு முட்டினால் அதில் போய் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேவு பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னால் உண்மையா பொய்யா என்று வாதாடுவதில்லை, அந்த ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்றுதான் பேச்சு போகும்.

பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. பேசினால் போய்விடுமா?

பேசினால் மட்டும் போகாது தம்பி. எங்கள் குழுவில் ஒருவருக்கு இதே பிரச்சினை. முதல் வாரம் நிறுத்தத்தில் நின்று இரண்டு 29சி பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார், அவ்வளவுதான். அடுத்த வாரம் குழுவில் இன்னொருவரோடு ஒரே ஒரு ஸ்டாப். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும், எட்டு ஐந்தானது. யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணியும் வரச் சொன்னோம். “பதினொரு பேர் செல்போன்ல, ரெண்டு பேர் தூக்கத்துல, என்னைப் பார்த்தது கண்டக்டர்தான், அதுவும் சில்லறைக்கு” என்றார். கூடப் போனவர் சிரித்துக்கொண்டே “எனக்கும் இதே பயம்தான்” என்றார் பாருங்கள், நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தத் தெம்பைக் கொடுத்திருக்க முடியாது.

உள்ளுக்குள் ஒரே பதற்றம், உட்கார்ந்தால் கால் நிற்கவில்லை. குழுவில் சேரட்டுமா?

முதலில் டாக்டர். புது மாத்திரை தொடங்கியபோதோ அளவைக் கூட்டியபோதோ வந்ததென்றால் அக்கதீசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம், அது பேசித் தீராது, மருந்தைத்தான் சரிசெய்ய வேண்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, இல்லை வெறும் ஆறுதலா?

அமெரிக்க மனநல டாக்டர் ஆரன் பெக் 1952-லேயே மனச்சிதைவு உள்ள ஒருவருக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்து எழுதியிருக்கிறார். பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் மருந்தோடு சேர்த்துக் குறைந்தது 16 அமர்வுகள் என்கிறது, ஆனால் அது ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து பேசுவது. குழுவுக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் ஏன் நடத்துகிறேன் என்றால், வாரம் முழுக்க அம்மாவைத் தவிர யாரிடமும் பேசாத ஒருவர் வியாழக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறார்.