டாடா சொல்லாமல் கிளம்பாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

மே மாதம் பிறந்தாலே எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். பரீட்சை, மார்க், குரூப் எல்லாம் பின்னால் போய் மூன்று வயதுக்காரர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறதே! 26 வருடம் எல்.கே.ஜி. வகுப்பில் மூக்கு துடைத்துவிட்டவள் நான் என்பதால் இந்த இதழை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 2 மாதம். ஜூனில் ப்ரீ-கேஜி சேர்க்கிறோம். கூட்டுக் குடும்பம், எப்போதும் யாராவது ஒருவர் மடியில்தான் இருப்பான், நான் குளிக்கப் போனாலே கதவைத் தட்டுவான். “அவன் பார்க்காத நேரத்தில் நைசாக வந்துவிடு, பத்து நாளில் பழகிவிடும்” என்கிறார் மாமியார். கணவரோ ஏ பி சி டி-யும் 1 முதல் 50 வரையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் பயம் போய்விடும் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இந்த ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது தாயி. மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை, என்னையும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் நைசாக நழுவிய அம்மாவின் பிள்ளை மறுநாள் என்ன செய்யும் என்பதை வகுப்புக்குள் இருந்து பார்த்தவள் நான். பொம்மையைத் தொடாது, பாட்டுக்குக் கை தட்டாது, பையைக்கூடக் கழற்றாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அதற்குத் தெரிந்துபோச்சு, அப்புறம் எப்படி விளையாடும்? வீட்டிலும் ராத்திரி உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். சொல்லிவிட்டுப் போகும் அம்மாவின் பிள்ளையும் அழத்தான் செய்யும், கேட்டுக்கு வெளியே உங்கள் வயிறு கலங்கும்படி அழும், ஆனால் பெரும்பாலும் பத்து பதினைந்து நிமிடத்தில் ஓய்ந்து பக்கத்துப் பிள்ளை வைத்திருக்கும் கார் மேல் கண் போய்விடும். அதற்குள் நீங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இந்த மாதம் அவனுக்கு ஒரே பாடம்: போன அம்மா வருவாள். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, செய்து காட்ட வேண்டும். பாட்டியிடம் விட்டுவிட்டு, “அம்மா கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடறேன், டாடா” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் வந்து கொத்தமல்லியைக் காட்டுங்கள். சிரிக்காதீர்கள், அந்தக் கட்டுதான் அவனுக்குச் சாட்சி. நாலு நாள் போனதும் அரை மணி நேரம், அப்புறம் அத்தை வீட்டில் இரண்டு மணி நேரம். அழுதாலும் திரும்பி ஓடிவராதீர்கள், வருவதாகச் சொன்ன நேரத்தைத் தாண்டவும் செய்யாதீர்கள். கடிகாரக் கணக்கு அவனுக்கு இன்னும் தெரியாது என்பதால் “12 மணிக்கு வருவேன்” என்பது “என்றைக்கோ வருவேன்” என்பது மாதிரிதான் அவன் காதில் விழும். “மிஸ் பாட்டு சொல்லித் தருவாங்க, ஸ்நாக்ஸ் சாப்பிடுவே, விளையாடுவே, செருப்பு மாட்டினதும் அம்மா கேட்ல நிப்பேன்” என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொன்னால் நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு ஆயாம்மா பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். “சாப்பிடலேன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்”, “ஸ்கூல்ல போட்டாத்தான் நீ அடங்குவே” என்ற பேச்சு இன்றோடு நிற்க வேண்டும். பூச்சாண்டியும் போலீஸ்காரரும் இருந்த இடத்தில் டீச்சரை உட்கார வைத்துவிட்டு, ஜூனில் அந்தப் பூச்சாண்டி கையிலேயே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் அது வீறிடாமல் என்ன செய்யும்?

கணவருக்கு: ஏ பி சி டி-க்காகத்தானே பள்ளிக்கே அனுப்புகிறோம்? நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பாதிகூடத் தெரியாது, மீதியெல்லாம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் எழுது என்றால் வலிக்கும், வெறுப்பு வரும். சப்பாத்தி மாவை உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், துணி காயப்போடும்போது கிளிப் போடட்டும். 1939-ல் அடையாறுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது எல்லாம் முதலில், எழுத்து அப்புறம்தான். விஜயதசமிக்குத் தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைக்கும்போது நாமும் விரலைத்தானே பிடிக்கிறோம்.

தூக்கத்தை மறந்துவிடாதீர்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ராத்திரி 11 மணி வரை எல்லோரோடும் டிவி பார்த்துவிட்டுக் காலையில் 7 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை அழுவதற்குப் பள்ளி காரணமே இல்லை. பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டு வாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

*

கேள்வி: மகளுக்கு 3 வயது முடிந்துவிட்டது. வெளியே போனால் இன்னும் டயப்பர்தான். பள்ளியில் டயப்பர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட், அங்கே வெஸ்டர்ன். டிபன் பாக்ஸ் திறக்கவும் தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பயமாக இருக்கிறது. – வாசகர், திருப்பூர்

பதில்: அப்பா ஒருவர் இதைக் கேட்டு எழுதியதே எனக்குச் சந்தோஷம். மே வெயில் இந்த வேலைக்கு ரொம்ப நல்லது, ஜட்டி நனைந்தாலும் அரை மணியில் காயும். லீவு நாளில் டயப்பரை எடுத்துவிட்டு, எழுந்ததும், சாப்பிட்டதும், வெளியே கிளம்பும் முன்பும் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். நனைத்துவிட்டால் “பரவாயில்ல, அடுத்த தடவை சொல்லு” என்பதோடு விட்டுவிடுங்கள், திட்டினால் அடக்க ஆரம்பிப்பாள், அடக்கினால் மலச்சிக்கல், அது தனிக் கதை. ராத்திரி படுக்கை நனைவது வேறு விஷயம், ஐந்து வயது வரைகூட அது சகஜம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளி திறப்பதற்குள் ஒரு நாள் கேட்டுக்கொண்டு அவளை அந்த டாய்லெட்டுக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். கால் எட்டாமல் தொங்கும் வெஸ்டர்ன் சீட்டில் உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயப்படும் பிள்ளைகள் நிறைய.

அப்புறம் அந்த வார்த்தை. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் “குருவி வந்துடுச்சு மிஸ்” என்று இரண்டு நாள் சொன்னான், நானும் ஆசையாக ஜன்னலைப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது! ஒண்ணுக்கு, பாத்ரூம், எதுவானாலும் வெளியாருக்குப் புரியும் ஒரு சொல்லைப் பழக்குங்கள், டீச்சரிடமும் சொல்லி வையுங்கள். ஜீன்ஸ், பெல்ட் வேண்டாம், தானே இழுத்து இறக்குகிற எலாஸ்டிக் வைத்தது போதும். பையில் ஒரு மாற்று உடுப்பு.

கழுவிவிடுவது யார் என்று பள்ளியில் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த ஆயாம்மாவை மகளுக்கு நேரில் காட்டி, “இவங்க மட்டும்தான், வேற யாராவது அங்க தொட்டா அம்மா அப்பாகிட்ட உடனே சொல்லணும், நாங்க திட்ட மாட்டோம்” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது, குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, உங்கள் போனில் இருக்கட்டும்.

டிபன் பாக்ஸ் கடையில் வாங்கும்போது அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள், திறக்க முடிந்ததை வாங்குங்கள், படம் போட்டதை அல்ல. வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதையே வையுங்கள். முழு நிலக்கடலை, முழு திராட்சை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம்.

*

கேள்வி: நாங்கள் விசாரித்த பள்ளியில் குழந்தைக்கும் எங்களுக்கும் ‘இன்டர்வியூ’ உண்டாம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். இனிமேல் இங்கிலீஷில் பேசிப் பழக்க வேண்டுமா? – வாசகி, அம்பத்தூர்

பதில்: வேண்டாம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்று 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 13-வது பிரிவில் சொல்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை அபராதம். அந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, நர்சரிக்குப் பொருந்தாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாத ஒன்று மூன்று வயதுக்கு எப்படிச் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை.

தமிழை விடாதீர்கள். கதை கேட்டு, கேள்வி கேட்டு, பாட்டியோடு சண்டை போட்டு ஒரு மொழியில் வாய் நன்றாகத் திறந்த பிள்ளை இன்னொன்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நீங்களே தடுமாறுகிற இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் “கம், சிட், ஈட்” என்பதோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடும். தண்ணீர், பாத்ரூம், வலிக்குது, இந்த மூன்றை மட்டும் இரண்டு மொழியிலும் சொல்லத் தெரிந்தால் போதும்.

*

கேள்வி: எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறது. அங்கே சேர்க்கலாம் என்றால் சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். தனியார் பள்ளிக்கு வேனில் முக்கால் மணி நேரம். – வாசகி, பரமக்குடி

பதில்: மூன்று வயதுக்கு முக்கால் மணி நேர வேன் பயணம் தேவையே இல்லை. அங்கன்வாடித் திட்டம் 1975-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. பாட்டு, கதை, சுடுசோறு, முட்டை, எடை பார்ப்பது எல்லாம் காசில்லாமல், நீங்கள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். எல்லா மையமும் நன்றாக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், ஒரே பணியாளர் இரண்டு மையங்களைப் பார்க்கும் இடங்களும் உண்டு. ஒரு நாள் காலையில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறாரா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தனியார் பள்ளியிலும் இதே மூன்றைப் பாருங்கள். கேலி செய்கிறவர்கள் வேன் கட்டணம் கட்டப் போவதில்லை.

*

கேள்வி: போன வருடம் பேத்தியைச் சேர்த்தோம். பத்து நாள் அழுகை, காலையில் வயிற்றுவலி, வாந்தி. பொறுக்க முடியாமல் நிறுத்திவிட்டோம். இப்போது 4 வயது, மறுபடி சேர்க்கிறோம். அதே கதை நடந்தால்? – ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, நிறுத்தியது குற்றமில்லை, ஆனால் பத்தாம் நாள் என்பது பழக ஆரம்பிக்கும் நேரம், அதுதான் சங்கடம். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் அழுகை கூடுவதும் உண்டு, புதுப் பொம்மையின் ஆசை தீர்ந்து ‘இது தினமும் உண்டு’ என்று புரிகிற வாரம் அது. திங்கட்கிழமைகளும் அப்படித்தான். காலை 8 மணிக்கு வரும் வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வராது என்றால் அது பொய் அல்ல, பயம் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. எழுப்புவதைக் கொஞ்சம் முன்னால் வைத்து, அவசரமில்லாமல் கிளப்புங்கள், பாலைக் குடி குடி என்று திணிக்காதீர்கள். கொண்டுபோய் விடுகிறவர் தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும், அது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது. பேத்தி அழும்போது கலங்காத ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை அனுப்புங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வந்ததும் “இன்னிக்கு அழுதியா?” என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்பீர்கள், தெரியும். அதைக் கேட்காதீர்கள். “உன் பக்கத்துல யாரு உக்காந்தா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், ராத்திரி தூங்கப் போகும்போது தானே வரும். டீச்சரிடம் கேட்க வேண்டியது நாங்கள் போன பிறகு எத்தனை நேரம் அழுகிறாள், சாப்பிடுகிறாளா என்பதைத்தான். அழும் நேரம் வாரா வாரம் குறைந்தால் கவலை இல்லை. ஒன்றரை மாதம் ஆகியும் நாள் முழுக்க அழுகிறாள், ஒன்றும் சாப்பிடுவதில்லை, வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது என்றால் மறுபடி நிறுத்துவதற்கு முன்னால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், அழுகிற பிள்ளையை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான். பேத்தி கூப்பிட்டால் திரும்புவதில்லை, இந்த வயதிலும் வாக்கியமாகப் பேசுவதில்லை என்ற மாதிரி ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சளி காய்ச்சல் முதல் வருடம் அடிக்கடி வரும், அதற்காகப் பயப்படாதீர்கள்.

*

கேள்வி: குழந்தை அழமாட்டாள் போலிருக்கிறது. எனக்குத்தான் இப்போதே அழுகை வருகிறது. முதல் நாள் அங்கேயே அழுதுவிட்டால்? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சிரித்த முகத்தோடு டாடா காட்டிவிட்டு, கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பியதும் அழுங்கள். அங்கே ஏற்கெனவே நாலு அம்மாக்கள் நிற்பார்கள், ஓரமாக ஸ்கூட்டரில் சாய்ந்து போனைப் பார்க்கிற மாதிரி ஒரு அப்பாவும் நிற்பார்.